ஊசி முனையில் கன்னியப்பன்

"மரணத்தின் வாசலில் நிற்கும் மனிதனைத் திருப்பி அழைத்து வரும் சக்தி இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்டு... சீனத்து ஊசி!"

முழங்கினார் டாக்டர் யதிராஜன்.

ஊசிப் பெட்டியின் மூடி திறக்கவில்லை. நர்ஸ் வத்ஸலா கத்தரிக்கோலால் நெம்பிக் கொடுத்தாள்.

1985. வாலாஜாபாத்தில் ஒரு தனியார் மருத்துவமனை.

கட்டிலில் ஒரகடம் கன்னியப்பன். காஞ்சிபுரம் ரோட்டோரத்தில் மண்டை உடைந்து கிடந்தவரைத் தூக்கி வந்து ஆறு நாள்... நினைவே இல்லை!

கதவோரம் கைவிலங்கோடு அவருடைய மச்சான் தணிகாசலம். பம்புசெட் தண்ணீர்த் தகராறில் தடியால் அடித்ததாக வழக்கு.

"நான் அடிக்கல சார்! மாமா கண்ணு முழிச்சா அவரே சொல்வாரு!"

"முழிக்கலேன்னா நாலு மணிக்கு நீ ஜெயில்ல" என்றார் இன்ஸ்பெக்டர் பராங்குசம். "டாக்டர்! எங்க வீட்டம்மா முட்டிவலியையே போக்கினவர் நீங்க. குத்துங்க!"

குத்தினார். உச்சந்தலை... உள்ளங்கால்... மூக்குக்குக் கீழே... பத்தொன்பது ஊசிகள்!

கன்னியப்பன் அசையவில்லை.

டாக்டரின் முகத்தில் வருத்தம் இல்லை. நிம்மதி!

"ஊசி வேலை செய்யுது. ஆனா சம்சாரம் காதுகிட்ட பேர் சொல்லிக் கூப்பிடணும். இல்லேன்னா பலிக்காது. நான் பொறுப்பில்லை."

கன்னியப்பனின் மனைவி செங்கமலம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஐயய்யோ! அவரு பேரையா? ரேஷன் கார்டுக்குக்கூட எந்தம்பிதான் சொன்னான் சார்!"

"அக்கா! சொல்லுக்கா! நான் உள்ள போயிடுவேன்க்கா!"

"நர்சம்மா சொன்னா ஆவாதா?"

"ஆகாது!" டாக்டர் அவசரமாகப் பெட்டியை எடுத்தார். "அப்ப நான் வரேன்..."

செங்கமலம் தம்பியின் விலங்கைப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். குனிந்தாள்.

"யோவ்... கன்னியப்பா!"

கட்டில் அதிர்ந்தது!

"இன்னாடி... பேர் சொல்லிக் கூப்புடுற? அவ்ளோ தைரியம் வந்துடுச்சா?"

"ஊசி ஜெயிச்சிடுச்சு டாக்டர்!" வத்ஸலா கைதட்டினாள்.

டாக்டருக்கு வியர்த்தது.

"கன்னியப்பன்! ஒன்னை அடிச்சது இவன்தானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவனா? மம்பட்டியே தூக்க மாட்டான்... தடிய எங்க தூக்கப் போறான்? ஸ்கூட்டர்ல ஒருத்தன் இடிச்சுட்டு நிக்காம பூட்டான்..."

கன்னியப்பனின் கண்கள் சுழன்றன. டாக்டர் மேல் நின்றன!

"தோ... இந்தாளுதான்! இடிச்சதும் இல்லாம மூஞ்சில வேற குத்திகினு கீறான்!"

பெட்டி கீழே விழுந்தது.

தணிகாசலத்தின் விலங்கு டாக்டரின் கைக்கு மாறியது.

"எவன் வண்டிய்யா அது?" இன்ஸ்பெக்டர் உறுமினார். "அவனையும் சேர்த்து உள்ள தள்றேன்!"

"சார்... உங்க வீட்டம்மாவுக்கு முட்டிவலித் தைலம் வாங்கக் காஞ்சிபுரம் போனப்போ... ஹெட்லைட் உடைஞ்சுதே... நாய் குறுக்கே வந்துதுன்னு சொன்னேனே..."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியே பார்த்தார்.

வேப்பமரத்தடியில் ஒரு நீல ஸ்கூட்டர். முன்விளக்கில் கண்ணாடி இல்லை.

வண்டி இன்ஸ்பெக்டருடையது.