மூன்றாவது குப்பி

மத்தியானம் இரண்டு மணிக்கே மழை இருட்டு கட்டியிருந்தது. பனிச்சங்கேணியில் வாவிக்கரையை ஒட்டிய அந்தப் பழைய வீட்டின் கேற்றைத் திறக்கும்போது சுலோஜனாவின் கை தயங்கியது. தனியார் கம்பனி ஒன்று வாடகைக்கு எடுத்து ஆய்வுகூடமாக்கிய வீடு. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அங்கே வேலை செய்தவர்கள் இரண்டே பேர், அவளும் திவாகரனும். இப்போது அவள் மட்டும்தான்.

உள்ளே பூஞ்சண மணம். பிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்த பன்னிரண்டு குப்பிகளையும் எடுத்து மேசையில் அடுக்கினாள். எல்லாவற்றிலும் பால் போல வெள்ளைக் கரைசல்.

புற்றுநோய்க்கான செயற்கை மருந்தைக் கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்த கரைசல் அது. லிப்போசோம் என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குமிழிகள் மருந்தைப் பூட்டி வைத்துக்கொண்டால், அது இதயத்தைக் கெடுக்காமல் கட்டிக்குப் போய்ச் சேரும். உருவாகும் நேரத்தில் சுற்றியிருப்பது எதுவானாலும் அவை வளைத்துப் பிடித்துக்கொள்ளும்.

இவை உருவான அன்று கறண்ட் இல்லை. குடுவையைச் சுழற்றும் மெஷின் நின்றுவிட, சுலோஜனா சுடுதண்ணீர்ச் சட்டியில் வைத்துக் கையாலேயே சுழற்றினாள். நிறுத்தினால் கொழுப்புத் திரண்டுவிடும். வெளிநாட்டிலிருந்து வந்த மருந்து அவ்வளவும் வீண். அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்து அறையிலிருந்து திவாகரன் கூப்பிட்டார்.

அவள் போகவில்லை. குடுவையை வைத்துவிட்டுப் போனபோது அவருக்கு உயிர் இல்லை.

தான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். அவருடைய மனைவி புஸ்பம் கட்டிப்பிடித்து அழுதபோதும் அதையேதான் சொன்னாள். இனி அந்தப் பொய் வெளியே வந்தால் புஸ்பத்தின் முகத்தில் முழிக்க முடியாது. ஒரு மாதமாக அவளை நித்திரை கொள்ளவிடாத பயம் அது.

எவ்வளவு மருந்து உள்ளே அடைபட்டிருக்கிறது என்று அறியக் குமிழிகளை உடைக்க வேண்டும். சவர்க்காரம் போன்ற ஒரு திரவத்தில் இரண்டு துளி போதும், பால் நிறம் போய்க் கரைசல் தெளியும். எப்போதும் மூன்று மூன்றாகத்தான் உடைப்பார்கள். மூன்று குப்பிகளிலும் துளிகளை விட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

முதலாவது தெளிந்தது.

தைல வாசம் வந்தது. அன்று நெஞ்சு வலிக்குத் திவாகரன் பூசிக்கொண்ட அதே தைலம். பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். அவருடைய வெறும் கதிரைதான் கிடந்தது.

இரண்டாவது தெளியத் தெளிய, யாரோ மூச்சுக்குத் திணறும் சத்தம் கேட்டது.

பக்கத்து அறையிலிருந்து இல்லை. மேசையிலிருந்து.

"தங்கச்சி... கொஞ்சம் தண்ணி..."

அவள் மேசையை விட்டுப் பின்வாங்கினாள்.

வாசல் கதவு தட்டப்பட்டது. நனைந்த குடையோடு புஸ்பம் நின்றாள்.

"நாளைக்கு அவர்ட முப்பத்தோராம் நாள் படையல். கண்ணாடிய எடுத்துப் போக வந்தன் புள்ள."

"நீங்க இதிலயே நில்லுங்கக்கா. நான் எடுத்துத் தாறன்."

"மழை அடிக்குது." புஸ்பம் உள்ளே வந்து மேசையருகே நின்றாள். "கடைசி நேரத்தில உன்னைக் கூப்பிட்டிருப்பார், என்ன?"

"நான் கடைக்குப் போயிட்டன், அக்கா."

மூன்றாவது குப்பி தெளியத் தொடங்கியிருந்தது. சுலோஜனா அதைப் பறித்தெடுத்து வாயைப் பெருவிரலால் அடைத்துக் கைக்குள் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கால் குரல் வந்தது.

அது திவாகரனின் குரல் இல்லை.

"பத்து நிமிசம் பொறுங்க அண்ணன். இப்ப கைய எடுத்தா எல்லாம் வீணாப்போகும்."

சுலோஜனாவின் வாய் மூடித்தான் இருந்தது. புஸ்பம் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன்ட குரல்தானே, புள்ள."

புஸ்பம் அழவில்லை. குடையை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். திவாகரனின் கதிரையை இழுத்து வந்து மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள்.

"மத்ததுகளையும் துற. பத்து நிமிசமும் நான் கேக்கணும்."

மிச்சம் ஒன்பது குப்பிகளும் மேசையில் யார் கையும் படாமல் இருந்தன. உள்ளே வெள்ளைக் கரைசல் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது, அன்று சுலோஜனாவின் கை சுழற்றிய அதே பக்கமாக.