ஒட்டாமல் வைத்த பொம்மை

மழை ஒன்றும் அழகாகப் பெய்யவில்லை. சாக்கடையைக் கிளப்பிவிட்டு, செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போகிற கோடை மழை. குடை இல்லாமல் ஓடிவந்தவள் கண்ணில் பட்ட முதல் கடைக்குள் ஏறிவிட்டாள்.

நோட்டு, பென்சில், பசை விற்கிற கடை. உள்ளே மின்விசிறிக்கு அடியில் வரிசையாக எரிமலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

“ஏழாம் வகுப்பா மேடம்?” நிமிர்ந்தவனின் மூக்கு நுனியில் பழுப்புச் சாயம். “கோடைப் பள்ளி ப்ராஜெக்ட்தானே? எரிமலை ரெடி. நெருப்பு சிவப்பா வேணுமா, ஆரஞ்சா?”

“நீங்களே செஞ்சு விக்கிறீங்களா?”

“வேற யாரு செய்வா? அந்த டீச்சரம்மா வருஷா வருஷம் எரிமலைதான் குடுக்குது. வேற எதுவும் தெரியாது போல. பெத்தவங்கதான் பாவம், அலையுறாங்க.”

அவள் முகத்து ஈரத்தைத் துடைத்தாள். பெரிய கண்கள்... இப்போது இன்னும் பெரிதாகியிருந்தன.

“அந்த டீச்சரம்மா நான்தான்.”

கல்லாவில் இருந்த அவன் அக்கா குனிந்து சிரிப்பை முழுங்கினாள். எரிமலைக்கு வைக்க வேண்டிய சிவப்பை அவன் தன் சட்டையிலேயே வைத்துக்கொண்டான்.

வீடு போகிற வரை டீச்சர் அவனை மனசுக்குள் திட்டினாள். திட்டி ஓய்ந்த பிறகுதான் உறைத்தது... போன கோடையில் அவள் முதல் பரிசு கொடுத்த எரிமலைக்கும் அவன் மூக்கில் இருந்த அதே பழுப்புதான்.

மறுநாள் வகுப்பில் சொல்லிவிட்டாள். “இந்தத் தடவை நான் எதுவும் குடுக்கப் போறதில்ல. உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணுமோ, அதுதான் ப்ராஜெக்ட்.”

பிள்ளைகள் திருதிருவென்று முழித்தார்கள். தலைமையாசிரியர் கூப்பிட்டார். “அவங்களுக்கு என்ன தெரியும்? கண்காட்சியில மேஜை காலியா இருந்தா, அடுத்த கோடைக்கு நீங்க வேண்டாம்.”

அன்று சாயங்காலம் ஏன் அந்தக் கடைக்கே போனாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. செலோ டேப் வாங்க என்று வைத்துக்கொள்ளலாம்.

“வியாபாரத்துல மண்ணைப் போட்டுட்டீங்களே டீச்சர்...”

“உங்க எரிமலையெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?”

“கவுத்துப் போட்டு அக்கா உக்காந்துக்கும்.”

“என் கனத்துக்குத் தாங்காதுடா!” கல்லாவிலிருந்து குரல் வந்தது.

அவள் சிரித்துவிட்டாள். அவன் எண்ணிக் கொடுத்த சில்லறை தப்பு. மறுநாளும் தப்பு. அவளுக்கு அத்தனை செலோ டேப் தேவையும் இல்லை.

மெல்ல மெல்லப் பிள்ளைகளுக்குக் கேள்வி முளைத்தது. ஒருத்தி, பஸ் நிறுத்தத்தில் எங்கே நின்றால் நனையமாட்டோம் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினாள். கண்காட்சிக்கு முந்தின மாலை அவள் செய்து கொண்டுவந்த அட்டை பஸ் நிறுத்தத்தைப் பார்த்ததும் டீச்சருக்குச் சுருக்கென்றது. அதே பழுப்பு!

பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் கடைக்குப் போனாள்.

“காசுக்காக என் புள்ளைங்களை மறுபடி ஏமாத்துறீங்க, இல்ல?”

அவனுக்கு ரோஷம். பின்கட்டுக்குள் போய்விட்டான்.

அக்கா எழுந்துவந்தாள். “நல்லா இருக்கும்மா நியாயம். அந்தப் பொண்ணு எங்ககிட்ட சாயம்தான் வாங்குச்சு. இங்க உக்காந்து மூணு தடவை கோணலா வெட்டுச்சு. இவனுக்குக் கை துறுதுறுங்குது... ஆனாலும் கத்தரியைத் தொடலை. ‘தொட்டா டீச்சருக்குப் பிடிக்காது’ன்னான்.”

டீச்சருக்குக் காது வரை சூடேறியது. தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

கண்காட்சியில் மேஜை நிறைந்திருந்தது. பாதி கோணல். பஸ் நிறுத்தம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் பிள்ளைகள் மூச்சு விடாமல் பதில் சொன்னார்கள். தலைமையாசிரியர் அந்தப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டு, தான் தினமும் நனைகிற காரணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

டீச்சர் மட்டும் வாசலையே பார்த்திருந்தாள். அவன் வரவில்லை.

சாயங்காலம் அவளே போனாள். மழை பிடித்துக்கொண்டது. இந்த முறையும் குடை இல்லை. எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

“தப்பு என்னுதுதான்... கேக்காம பேசிட்டேன்.”

அவன் மேஜைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். அட்டையில் செய்த இதே கடை. குட்டி மின்விசிறி, அதனடியில் குட்டி எரிமலைகள், கல்லாவில் குட்டி அக்கா. வாசற்படியில் நனைந்த தலையோடு ஒரு பெண் பொம்மை.

“இத்தனை வருஷமா யாரோ சொன்னதைத்தான் செஞ்சிருக்கேன் டீச்சர். இது மட்டும்... யாரும் சொல்லாம நானே செஞ்சது.”

அவள் விரல் பட்டதும் பொம்மை சாய்ந்தது.

“இதை ஒட்டலையா?”

“நீங்க எங்க நிப்பீங்கன்னு தெரியலை.” அவன் குரல் இறங்கியது. “உள்ள வந்தா நல்லாருக்கும்னு ஆசை. அதை நான் முடிவு பண்ணக் கூடாதில்ல...”

கல்லாவில் அக்கா அவசரமாகச் சில்லறையை எண்ணத் தொடங்கினாள்.

அவள் பொம்மையை எடுத்தாள். படியைத் தாண்டி, எரிமலைகளைத் தாண்டி, அவன் உட்காருகிற ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

“மூக்கு இவ்ளோ பெருசா எனக்கு? சரி, அதை அப்புறம் பேசிக்கலாம்...” அந்தக் கண்களில் மழை இல்லை. ஆனாலும் ஈரம் இருந்தது.

“பசையைக் குடுங்க.”