டெர்மட்டின் வரிசை

நேற்று மாலை வெறும் தரையாகக் கிடந்த இடத்தில் இன்று காலை குழிகள் இருந்தன. கரும்பு நடுவதற்கான சதுரக் குழிகள். ஒனோராவின் வரிசைக்கு அடுத்தது, அவள் கணவன் டெர்மட்டின் வரிசை. மண்ணை இப்படி இடப்பக்கமாக வாரி ஒதுக்குவது பார்படோஸ் தீவில் அவன் ஒருவனுடைய வழக்கம். அவனைக் காய்ச்சல் கொண்டுபோய் ஒரு வாரம் ஆகியிருந்தது. பெட்டிகூட இல்லாமல் இதே வயலின் ஓரத்தில்தான் புதைத்தார்கள்.

அயர்லாந்திலிருந்து அவர்களோடு ஒரே கப்பலில் வந்த கோர்மக் நிமிராமலே சொன்னான்.

"பாக்காதக்கா. உன் குழிய வெட்டு. எங்க அண்ணன் செத்த பிறகும் ஒரு மழைக்காலம் முழுக்க வெட்டினான். நான் பாக்கவே இல்ல."

"பாக்காம எப்படிடா தெரியும்?"

கோர்மக் அடுத்த குழிக்கு நகர்ந்தான்.

கூழ் வேளையில் கங்காணி ஹாஸ்கெட்டிடம் கேட்டாள். அவன் பல்லைக் குத்திக்கொண்டே சிரித்தான்.

"உம் புருஷன் ஓடிப்போய் மாட்டினான்ல? அதுக்குத் தண்டனையா அவன் ஒப்பந்தத்துல சேத்த வேலை வருஷமெல்லாம் அப்படியே நிக்குது. செத்துட்டா தீந்துருமா? வேலைக்குச் சோம்பிச் சாகக்கூடச் செய்வாங்க உங்க ஆளுங்க."

"அவர விட்டுடுங்க துரை."

"பாவமா இருந்தா அந்த வருஷத்த நீ எடுத்துக்க. ஒரு கைநாட்டு போதும்."

வெயிலில் உரிந்து சிவந்திருந்த தன் கால்களை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன். அவரும் செய்ய மாட்டாரு."

மறுநாள் வேலை மணிக்கு முன்பே வயலுக்குப் போனாள். இரவு பெய்த மழையில் எருவும் மட்கிய கரும்புச் சோகையும் சேர்ந்து நாற, மேட்டுக்குக் கீழே கடல் இருட்டோடு இருட்டாகப் புரள, தவளைகள் ஒவ்வொன்றாக அடங்கிய அந்த நிசப்தத்திலிருந்து, தன் நெஞ்சுத் துடிப்பென்றே அவள் முதலில் எண்ணிய ஒரு சத்தம், ஈரமண்ணில் இரும்பு இறங்கும் சத்தம், மெல்லப் பிரிந்து வந்தது.

டெர்மட்.

புதைத்தபோது போட்டிருந்த அதே சட்டை. வாயில் மண். கண்களிலும் மண்.

"என்னங்க."

வெட்டினான்.

"நான்தாங்க. போதும்."

வெட்டினான். அவள் அவனுக்கு முன்னால் போனாள். அடுத்த குழிக்குக் கோடு கிழித்திருந்த சதுரத்தில் மல்லாந்து படுத்தாள். மண்வெட்டி அவள் முகத்துக்கு மேலே உயர்ந்தது. கண்ணை மூடவில்லை.

"வெட்டுங்க. இல்ல, கீழ போடுங்க."

மண்வெட்டி நின்றது.

மேட்டின் நெடுகிலும் சத்தம் நின்றது. அதுவரை கேட்டது ஒரு சத்தமல்ல, நூறு சத்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. சாம்பல் வெளிச்சத்தில் வரிசை வரிசையாகச் செத்தவர்கள் நின்றார்கள். எல்லா முகமும் அவள் பக்கம்.

"எந்திரிடி." ஹாஸ்கெட் பிரம்போடு வந்தான். "அவன் வேலையக் கெடுக்காத."

பிரம்பு டெர்மட்டின் முதுகில் விழுந்தது. ஈரச் சாக்கில் விழுவதைப் போல. அவன் திரும்பவில்லை. அவளையே பார்த்தான்.

ஒனோரா எழுந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு இங்க வேலை முடிஞ்சுது. வீட்டுக்குப் போங்க. எல்லாரும்."

மண்வெட்டிகள் விழுந்தன. அவர்கள் கடலைப் பார்த்துத் திரும்பினார்கள்.

ஹாஸ்கெட் சிரிக்கப் பார்த்தான். டெர்மட் அவன் மணிக்கட்டைப் பிடித்துக் கடல் பக்கம் நடந்தான். குழந்தையைச் சந்தைக்கு அழைத்துப்போவதைப் போல. அவசரமில்லாமல்.

"விடச் சொல்லு. ஒனோரா. தாயே, விடச் சொல்லு."

அவள் எதுவும் சொல்லவில்லை.

விடிந்தது. யாரும் நீந்தவில்லை. நடந்தபடியே நீருக்குள் போனார்கள். இடுப்பு. தோள். தலை. அவர்கள் உடம்பிலிருந்து கரைந்த செம்மண், வடகிழக்கே, ஊர் இருக்கும் திசையில், கடலில் ஒரு கோடாக நீண்டுகொண்டே போனது. அந்தக் கோட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், கொஞ்ச நேரம்வரை, குமிழிகள் வந்துகொண்டிருந்தன.