அரசனுக்கு வந்த முகம்

தெமோதரப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்ததால், பதுளைக்குப் போகும் ரயில் எல்ல ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. மழைக்கு ஒதுங்கி உட்கார ஒரே ஒரு வாங்குதான்... அதில் ஒருவன் டெப் திரையில் படம் வரைந்துகொண்டிருந்தான். சுபாஜினி ஓரமாக உட்கார்ந்தாள்.

ரத்தம் வழியும் வாய், கோரைப்பற்கள். ஆனால் அந்தத் தலைப்பாகை, அந்த மீசை, புருவத்தில் அந்த வெட்டு... அவள் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கும் முகம்.

"யாருங்க இது?"

துஷாந்த் என்று பெயர் சொல்லிக்கொண்டு விளக்கினான். போன் விளையாட்டு ஒன்றுக்கு வரைகிறானாம். இது விளாட்; ருமேனியா பக்கம் மத்திய காலத்தில் ஆட்சி செய்து, ஆயிரக்கணக்கானோரைக் கழுவேற்றிய அரசன். அந்த நாட்டுக் கதைகளில் சிலர் அவனை நீதிமான் என்பார்களாம், விளையாட்டுகளிலோ ரத்தக்காட்டேரி. முகத்தைத் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக் கோயிலில் தொங்கும், அந்தக் காலத்தில் ஆட்களை வேலை வாங்கிய பெரிய கங்காணியின் படத்திலிருந்து எடுத்திருந்தான்.

"அந்த ராசாவை நான் எங்கங்க பாத்தேன்? எங்க லயத்து வீடுகள்ல இந்தக் கங்காணி பேரைச் சொன்னாத்தான் புள்ளைங்க வாய மூடும்."

மழைத்துளி ஒட்டிய இமைகளோடு சிரித்தான். அந்த முகம் தன் வீட்டிலும் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தவள், அந்தக் கண்களைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"பல்லை எடுத்துருங்க."

"ஏன், பயமா இருக்கா?"

"பேய் செஞ்சதுன்னு ஆயிட்டா, மனுசன் செஞ்சதுக்கு யாருங்க பதில் சொல்றது?"

அப்போதுதான் அவன் அவளைச் சரியாகப் பார்த்தான்.

பிறகு வெள்ளிக்கிழமை தோறும் பண்டாரவளையில் ரயிலேறும்போது அவளுக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்தான். ஒருநாள் தன் கொள்ளுப்பாட்டியைப் பற்றிச் சொன்னான். பிள்ளை பெற்ற நாலாம் நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வரவில்லை என்று கங்காணி அவள் லயத்துக் கதவையே கழற்றச் சொன்னாராம். மழை உள்ளே அடித்தது. பிள்ளை பிழைக்கவில்லை. சுபாஜினி வீட்டிலோ அவர் கோயில் கட்டிய தர்மவான். அன்றும் அவளால் சொல்ல முடியவில்லை. சொன்னால் இந்த ஜன்னலோரம் போய்விடும்... இவனும்.

ஆனால் தன் அம்மாவை அடுத்த வாரம் அவள் வீட்டுக்குக் கூட்டி வரட்டுமா என்று அவன் கேட்டபோது, அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

"எங்க ஹோல்ல அந்த மொகம் மாட்டியிருக்குங்க. நான் அவரோட கொள்ளுப்பேத்தி."

அவன் வெளியே பார்த்தான். தேயிலை மலை ஒன்று முழுதாகக் கடந்து போயிற்று.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"எந்திரிச்சுப் போயிருவீங்கன்னு நெனச்சேன்... இப்பவும் அப்பிடித்தான் நெனக்கிறேன். ஆனா உங்கம்மா தெரியாம வந்து அந்தப் படத்துக்கு முன்னால நிக்கக் கூடாது."

பதுளை நெருங்கியது. அவன் எழுந்திருக்கவில்லை.

"அம்மா அழுவாங்க," என்றான் கடைசியில். "நாளாகும். கதவைக் கழட்டினது உங்க வீட்டு ஆளுன்னு நானே சொல்றேன். உங்களைப் புடிச்சிருக்குன்னும் சொல்றேன்... ரெண்டையும் ஒரே மூச்சுல."

அவள் தரையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட இன்னும் சொல்லலையேங்க..."

"புடிச்சிருக்கு," என்றான்.