தழும்பில்லாத ஆபரேஷன்

"இழுக்க இழுக்க வருது சார்!"

போனில் ஒரு பெண் அலறினாள்.

"எதும்மா?"

"என் மாப்புள மூக்குக்குள்ள இருந்து... துணி!"

இன்ஸ்பெக்டர் மகேஸ்வரன் மேலப்பாளையம் போய்ச் சேர்ந்தபோது, இறந்துபோன ரசீத்தின் மையித்தைப் பாதி குளிப்பாட்டி நிறுத்தியிருந்தார்கள்.

தட்டில் ஒரு முழ நீளத்துக்குக் காயத்தில் வைக்கும் காஸ் துணி. கறுத்து, கொழகொழவென்று... செத்த எலியின் நாற்றம்!

மகேஸ்வரன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"குளிப்பாட்டையில மூக்கைத் துடைச்சேன். நூலு மாட்டுச்சு..." என்றாள் போன் செய்த ஆபிதா பீவி, ரசீத்தின் மனைவி.

"என்ன ஆபரேஷன்?"

"மூளைக்கு அடியில கட்டி. மூக்கு வழியா கேமரா விட்டு எடுத்தாச்சு, தழும்பே இருக்காதுன்னாரு அருணாசலம் டாக்டரு. பத்து நாளா காய்ச்சல். சளின்னு மாத்திரை குடுத்தாரு. இன்னைக்குக் காலையில மவுத்தாயிட்டாங்க."

ரசீத்தின் அண்ணன் ஷேக் மைதீன் குறுக்கே வந்தான். "சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அடக்கணும். மையித்தை அறுக்க விடமாட்டோம்!"

"அறுக்கட்டும் மச்சான்." ஆபிதாவின் கண்ணில் நீரில்லை. "கட்டிய எடுத்தாங்களா இல்லையா? எனக்கு அது தெரியணும்."

பிரேதம் ஜி.ஹெச்சுக்குப் போனது.

மகேஸ்வரன் வண்ணார்பேட்டையில் இருந்த அருணாசலத்தின் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டர் அருணாசலம் சிரித்தார்.

"துணிய விட்டது நர்ஸ் தப்பு. ஆபரேஷன் சுத்தம்! பாருங்க."

லேப்டாப்பைத் திருப்பினார்.

நாசி. முடி. சளி. ஈரச் சதைக்கு நடுவே கேமரா வழுக்கிப் போனது. எலும்பைக் குடைந்து, தயிர்க்கட்டி போல ஏதோ ஒன்றை உறிஞ்சியது ஒரு குழாய். ஓரத்தில் ரசீத்தின் பெயர்.

"முதல்லேருந்து போடும்."

போட்டார்.

"நிறுத்தும்! அந்தப் புள்ளி என்னது?"

"பரு."

"மூக்கோட அந்தப் பக்கத்துலயுமா? அதே எடத்துலயா? மூக்குத்தி குத்துன ஓட்டை வே அது! ரசீத் என்னைக்கு மூக்குத்தி போட்டான்?"

டாக்டர் வெளிறினார். "ஃபைலு... மாறிட்டு..."

"மாறல."

வாசலில் டாக்டரின் மனைவி சுப்ரஜா! மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்னியது.

"அது என் மூக்கு சார். ரெண்டு வருசத்துக்கு முன்னால எனக்கும் இதே கட்டி. 'எனக்கு இந்த ஆபரேஷன் செய்ய வராது'ன்னு இவுகதான் என்னை வெளியூரு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனாக. அங்க குடுத்த வீடியோ இது..."

மகேஸ்வரன் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார்.

பதினொரு ஃபைல்கள். பதினொரு பெயர்கள். ஒவ்வொன்றையும் திறந்தார்.

பதினொன்றிலும் ஒரே மூக்கு!

"அடச்சீ... மயக்கம் குடுத்து, துணிய அடைச்சு, எழுப்பி விட்டு, பொண்டாட்டி மூக்கைப் படம் காட்டுதீரு!"

போன் அடித்தது. ஜி.ஹெச். கேட்டுவிட்டு, ஆபிதாவைப் போனில் அழைத்தார்.

"கட்டி அங்கனயேதான் இருக்கும்மா. எலும்புல ஒரு கீறல்கூட இல்லையாம். அழுகுன துணிதான் ரத்தத்துல விசத்தை ஏத்தியிருக்கு."



"சரி சார். மையித்தைத் தாங்க. அடக்கிக்கிடுதோம்."

மகேஸ்வரன் விலங்கை எடுத்தார்.

அருணாசலம் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். "நெஞ்சு வலிக்கி... என்னை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க!"

"இது ஆஸ்பத்திரிதான வே! சொல்லும்... டாக்டர் அருணாசலத்தைக் கூப்பிடவா?"