கோறைச் சத்தம்

பதினோராவது குழாயில் சத்தம் மாறிக் கேட்டது.

அதுவரை பத்துக் குழாய்களிலும் சுத்தியல் பட்டதும் ‘ணங்’ என்று எழுந்த சத்தம், வட்டச் சுவரில் சுற்றி வந்து காதுக்குள் சற்று நின்று தேய்ந்தது. இப்போது ‘தொம்’ என்றது. வெறும் மரப்பெட்டியைத் தட்டியது போல. கதிர்காமநாதன் தவழ்வதை நிறுத்தி, ரோச் லைற்றைத் தரையில் வைத்து, மறுபடியும் அதே இடத்தில் தட்டினார்.

தொம்.

கோறை. குழாய்க்குக் கீழே மண் இல்லை.

அவர் நீர்ப்பாசன வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். கொங்கிறீற்றைத் தட்டிக் கேட்டே பதினெட்டு வருடம் கழித்தவர். கோறைச் சத்தம் அவருக்குப் புதிதல்ல. ஒட்டுசுட்டானுக்குத் தெற்கே, குளத்து வாய்க்கால் காட்டாற்றைக் கடக்கும் இடத்தில், ஆற்றுப் படுகைக்கு அடியில் புதைத்திருந்த முப்பது குழாய்கள் இவை. ஒவ்வொன்றும் எட்டடி நீளம். தண்ணீர் இந்தக் கரையில் இறங்கி, ஆற்றின் அடியால் ஓடி, மறுகரையில் ஏறிக் குடியேற்றக் கொலனி வயல்களுக்குப் போகவேண்டும். 1958இல் போட்ட புதுக் குழாய்கள். மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆனால் இந்தச் சிறுபோகத்தில் இறங்கும் தண்ணீரில் பாதிகூட ஏறவில்லை. மீதி எங்கே போகிறது என்று எவருக்கும் தெரியவில்லை. மேலே ஆற்று மணல் சோழகக் காற்றில் காய்ந்து வெள்ளையாய்க் கிடந்தது. கையளவு ஈரம்கூட அதில் இல்லை.

காலையில் மதகுத் துருசைப் பூட்டி, பம்ப் வைத்துக் குழாயை இறைத்தபோது கொலனிச் சனம் கரையில் நின்று பார்த்தது. ஒருவரும் அவருக்கு ஒரு மிடறு தண்ணீர் தரவில்லை. நெல் கதிர் கட்டும் குடலைப் பருவத்தில் மஞ்சளிக்கும்போது வாய்க்காலைப் பூட்ட வந்த ஆளுக்கு யார் தருவார்கள்? சின்னராசா என்பவன்தான் முன்னுக்கு வந்து சொன்னான். யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டித் திரிந்து, காணி கிடைத்து இங்கே வந்தவன். கடைவாய்க்காலில் இருந்தது அவன் வயல்.

“நாலு மணிக்குத் துருசு திறபடும். நீங்கள் உள்ளுக்கை நிண்டாலும் சரிதான்.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கதிர்காமநாதன் கோறையின் எல்லையைத் தேடிச் சுற்றிலும் தட்டினார். அப்படித்தான் செய்வது. ஓர் இடம் கோறை என்றால், சத்தம் இறுகும் வரைக்கும் நாலு பக்கமும் தட்டி, எவ்வளவு பெரிது என்று சோக்கால் வட்டம் போடவேண்டும். வட்டம் ஓர் ஆள் குப்புறப் படுத்த அளவில் வந்தது. வெடிப்பைத் தேடி விரலால் தடவினார். கொங்கிறீற் வழுவழுவென்று முழுசாக இருந்தது. வெடிப்பில்லாமல் தண்ணீர் போகாது. தண்ணீர் போகாமல் மண் கரையாது. குறிப்புப் புத்தகத்தில் என்ன எழுதுவதென்று தெரியாமல் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு முன்னே தவழ்ந்தார். இடுப்பில் கட்டிய கயிறு பின்னால் இழுபட்டது. அதன் மறுநுனி இறங்குவாயில் அவருடைய வயதான வேலையாள் ஏரம்புவின் கையில் இருந்தது.

பன்னிரண்டு, ணங். பதின்மூன்று, ணங். பதினான்கில் மறுபடியும் தொம்.

இப்போது அவர் ஆற்றின் நடுவுக்குக் கீழே இருந்தார். இரண்டரை அடிக் குழாய், திரும்ப இடமில்லை. முதுகு மேலே உரசியது. பாசியும் சேறும் மணக்கவேண்டிய இடத்தில், அப்போதுதான் வெட்டிய காய்ந்த மண்ணின் மணம் வந்தது. எங்கிருந்து வரும்? எல்லாப் பக்கமும் கொங்கிறீற். அவர் வட்டம் போட்டார். அதே அளவு. அதே நீளம், அதே அகலம்.

பதினைந்தாம் குழாயில் தட்டினார். ணங் என்றது. முகத்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியதால் சட்டைக் கையால் துடைத்தார். பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், அதே இடத்தில் இன்னொரு தரம் தட்டினார்.

தொம்.

கை அப்படியே நின்றது.

காலால் பின்னுக்கு நகர்ந்து, பதினான்காம் குழாயில் தான் போட்ட வட்டத்துக்குள் தட்டினார். ணங். நல்ல இறுக்கம். கல்லு மாதிரி.

காது பிழைத்துவிட்டது என்று நினைக்க அவர் விரும்பினார். மூச்சை உள்ளே இழுத்து, முழங்கால் தோல் உரிய வேகமாக நாலு குழாய் தூரம் முன்னே போனார். பதினெட்டு. தட்டினார். ணங். காத்திருந்தார். தன் மூச்சுச் சத்தம் குழாய் முழுக்க நிறைந்திருப்பதைக் கேட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி, ஏழில் தட்டினார்.

தொம்.

அது வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் தட்டவில்லை. தட்டத் தேவையும் இருக்கவில்லை. உள்ளங்கையை ஊன்றும்போதே தெரிந்தது. முழங்கால் படும்போதே தெரிந்தது. அவர் போகும் இடமெல்லாம் கீழே வெறுமையாக இருந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. சரிவு தொடங்கியது. ஏறினார். கயிறு கனத்தது. ஏறினார். வெளிச்சம். ஒரு காசளவு. ஒரு தட்டளவு. மருதமரக் கிளையொன்று. ஆகாயம்.

ஏறுவாயில் தலையை நீட்டியதும் வெயில் கன்னத்தில் அறைந்தது. மணி ஒன்றரை. கொலனிச் சனம் வாய்க்கால் கட்டின் மேல் நின்றது. அவர் கயிற்றை அவிழ்த்து, ஏரம்பு இழுத்தெடுக்கக் குழாய்க்குள் எறிந்துவிட்டு, எழும்ப முடியாமல், வாய்க்காலுக்குள்ளேயே குந்தியிருந்தார்.

“என்ன ஐயா, ஓட்டை எங்க?” சின்னராசா கேட்டான்.

“ஓட்டை இல்லை.”

“அப்ப திறப்பம்.”

“வேண்டாம். திறக்கக் கூடாது. கீழ மண் இல்லை. கோறை.”

“எந்தக் குழாயில?”

அவர் வாயைத் திறந்தார். அது ஒரு குழாயில் இல்லை, என்னோடு வந்தது என்று சொல்லவேண்டும். எதிரே நின்ற முகங்களைப் பார்த்தார். கண்கள் சிவந்து, உதடு வெடித்து, அவர் சொல்லும் எதையும் நம்பாமல் இருக்க முன்னமே முடிவெடுத்திருந்த முகங்கள். அவருக்கு வெட்கமாக இருந்தது.

“நடுவில,” என்றார். “பதினொண்டு, பதினாலு. அவ்வளவுதான்.”

“பொய்,” என்றான் சின்னராசா, நிதானமாக. “குழாய் போட்ட கொந்திறாத்துக்காரனைக் காப்பாத்தப் பாக்கிறியள். நீங்கள் எழுதிப்போட்டுக் கந்தோருக்குப் போவியள். நெல்லு எங்கட. நான் பத்து வருசம் கல்லுக்கை நிண்டு கிணறு வெட்டினவன். எது கோறை, எது இறுக்கமெண்டு எனக்கும் தெரியும். தாங்கோ சுத்தியலை.”

அவன் மனைவி நாகேஸ்வரி வாய்க்கால் கட்டின் மேலிருந்து இறங்கி வந்து அவன் கையைப் பிடித்தாள். “இஞ்சாருங்கோ, உங்களுக்கேன் உந்த வேலை? அவை பாக்கட்டும்.”

“அவை பாத்தது காணும்.”

கதிர்காமநாதன் அப்போதாவது சொல்லியிருக்கலாம். பின்னர் எத்தனை தரம் அந்த நிமிடத்தை நினைத்தாலும், தான் செய்தது ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியும். சுத்தியலையும் ரோச் லைற்றையும் நீட்டினார். சின்னராசாவின் இடுப்பில் இன்னொரு கயிற்றைத் தன் கையாலேயே முடிந்தார்.

அவன் உள்ளே போனதும் அவர் குழாயின் விளிம்பில் காதை வைத்தார். ணங். ணங். ஒரு குழாய்க்கு ஒரு அடி, அளந்தது போல. முப்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு. கயிறு அவர் விரல்களுக்கிடையே கொஞ்சம் கொஞ்சமாக ஓடியது. இருபத்துநாலில் அவன் குரல் வந்தது. “ஐயா! கல்லு மாதிரிக் கிடக்கு!” பிறகு சிரிப்பு. கட்டின் மேல் நின்ற சனமும் சிரித்தது. நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ணங். ணங்.

தொம்.

சிரிப்பு நின்றது. சின்னராசா நல்ல வேலைக்காரன். அவன் சுற்றிலும் தட்டத் தொடங்கினான். எல்லையைத் தேடினான். தொம், தொம், தொம். நெருக்கமாக. இன்னும் நெருக்கமாக. இறுகிய சத்தம் எங்கும் வரவில்லை.

“தட்டாதே!” கதிர்காமநாதன் குழாய்க்குள் தலையை விட்டுக் கத்தினார். “சின்னராசா! தட்டாதே! அப்பிடியே பின்னுக்கு வா!”

அவருடைய குரல் உள்ளே போனது. திரும்பி வரவில்லை. எதிரொலிகூட இல்லை.

கயிறு தொய்ந்தது.

அவர் இழுத்தார். பாரம் இல்லாமல் வந்தது. கையும் கையுமாக இழுக்க இழுக்க நோகாமல் வந்தது. கடைசியில் நுனி வந்தது. அவர் போட்ட முடிச்சு அவிழவில்லை. ஓர் இடுப்பளவில் வளையம் அப்படியே இருந்தது. மண் தூசு படிந்திருந்தது. காய்ந்த மண்.

நாகேஸ்வரி அவரையே பார்த்தாள்.

அவர் உள்ளே போனார். சுத்தியல் இல்லை, கயிறு இல்லை. முன்னமே ஆற்று மணலால் ஆளனுப்பி, மறுகரையிலிருந்து ஏரம்புவையும் உள்ளே இறங்கச் சொல்லியிருந்தார். ஒருவன் இரண்டு வாய்க்கும் நடுவில்தான் இருக்கமுடியும். வேறு வழி அந்தக் குழாய்க்கு இல்லை. இறங்கினார். “சின்னராசா,” என்று மெல்லக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார். இருபத்தைந்து. இருபத்திரண்டு. தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஆடாமல் இருந்தது. இருபத்தோராம் குழாயின் தரையில் அவனுக்குக் கொடுத்த ரோச் லைற் எரிந்தபடி கிடந்தது. அதற்கு அப்பால் இன்னொரு வெளிச்சம் ஆடி ஆடி வந்தது. அது ஏரம்பு. கிழவரின் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

“ஐயா,” ஏரம்பு மூச்சு வாங்கினார். “எங்க அந்தப் பெடியன்?”

கதிர்காமநாதன் தரையைத் தடவினார். சுவரைத் தடவினார். முகட்டைத் தடவினார். வழுவழுப்பு. நகம் நுழைய ஒரு பிளவு இல்லை.

அப்போது கேட்டது.

ணங்.

குழாய்க்குள் அல்ல. அவருடைய உள்ளங்கைக்குக் கீழே, கொங்கிறீற்றின் மறுபக்கத்தில். ஓர் அடி. இடைவெளி. எட்டடி தள்ளி இன்னொன்று. ணங். அளந்தது போல. இருபத்திரண்டு. இருபத்து மூன்று. ஏறுவாய்ப் பக்கமாக.

“சின்னராசாவோ?” என்று ஏரம்பு கேட்டார். கதிர்காமநாதன் பின்னுக்காகவும் ஏரம்பு முன்னுக்காகவும் அந்தச் சத்தத்தைத் தொடர்ந்து தவழ்ந்தார்கள்.

அவர்கள் வெயிலுக்குள் வந்தபோது சத்தம் முப்பதாம் குழாயைத் தாண்டியிருந்தது. குழாய் முடிந்த பிறகும் அது நிற்கவில்லை. வெடித்துக் கிடந்த வாய்க்கால் தரைக்கு அடியில், பிறகு வரம்புக்கு அடியில், பிறகு மஞ்சள் பாரித்த வயலுக்கு அடியில், எட்டடிக்கு ஒரு தரம் சுத்தியல் விழுந்தது. நிலம் கல்லைப்போல் ஒலித்தது. சனம் ஒதுங்கி வழிவிட்டது. நாகேஸ்வரி மட்டும் அதற்கு மேலாக நடந்தாள்.

“அவற்ற கை அது,” என்றாள். அவள் முகம் மலர்ந்திருந்தது. “எனக்குத் தெரியும். அவர் இப்பிடித்தான் அடிப்பார். வாறார். அவர் வீட்டை வாறார்.”

ணங். மூன்று எட்டு வைத்தாள். ணங். இன்னும் மூன்று. நெற்பயிர் அவள் முழங்காலில் சரசரத்தது. வயலைத் தாண்டி, கொலனிக் குடிசைகள் வரிசையாக நின்ற மேட்டுக்கு அவள் ஏறினாள். சனமும் பின்னால் ஏறியது. கதிர்காமநாதனும் ஏறினார். அடுப்புப் புகை வாசம். கொடியில் காயும் சேலைகள். கட்டிப்போட்ட மாடு ஒன்று முன்னங்காலைத் தூக்கி, கீழே வைக்காமல் நின்றது.

முதல் குடிசையின் முற்றத்தில், நாகேஸ்வரியின் காலடியில் சுத்தியல் விழுந்தது.

தொம்.

அவள் நின்றாள். எல்லாரும் நின்றார்கள்.

கீழே இருந்தது சிறிது நேரம் தட்டாமல் இருந்தது. கவனித்துக் கேட்பது போல. பிறகு சற்றுத் தள்ளித் தட்டியது. தொம். இன்னும் தள்ளி. தொம். இரண்டாம் குடிசைக்குக் கீழே. மூன்றாவதற்குக் கீழே. கிணற்றடியில். அவர்கள் எல்லாரையும் சுற்றிக்கொண்டு. அவசரமில்லை. தவறவில்லை. தொம். தொம். எங்கும் இறுகவில்லை.

கதிர்காமநாதனுக்கு அது என்ன வேலை என்று தெரியும். எல்லை தேடுகிறது.

பட்டப்பகல் வெயிலில், அந்த மேட்டில், நாற்பது பேர் ஊன்றிய காலை எடுக்காமல், எடுத்த காலை ஊன்றாமல் நின்றார்கள். வட்டம் குடிசை வரிசையின் கடைசிவரை போய், மெல்ல வளைந்து, அவர்களை நோக்கித் திரும்பி வந்துகொண்டிருந்தது.