குருசுக்கு நேரே ஒற்றைப் பனை

"இன்னும் அஞ்சு மணி நேரந்தான் மச்சான்! முடுக்குங்க!"

வள்ளத்தின் முன்பக்கம் நின்று கத்தினாள் சலேத். பதினொரு மணிக்குச் சங்குமுனைப் பள்ளிக்கூடத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். படகுத்துறை கட்டப்போகும் கம்பெனி ஒன்று, கடலைத் தோண்டிக் கால்வாய் வெட்ட அனுமதி கேட்டிருந்தது. அடியில் வெறும் மணல்தான் என்றது அவர்களுடைய அறிக்கை. இல்லை, அங்கே கடல்தாழைப் புல் காடாகக் கிடக்கிறது, கடல்பசு மேய வருகிறது என்று சொல்லிச் சொல்லிச் சலேத்துக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். படம் எங்கே என்று கேட்டார்கள் அதிகாரிகள். கல்லூரியில் கெஞ்சி வாங்கிய நீருக்கடிக் கேமரா இப்போது அவள் கழுத்தில் தொங்கியது.

இடம் சொன்னவன் அவளுடைய அக்கா புருஷன் மிக்கேல். மாதா கோயில் குருசும் ஐஸ் பேக்டரித் தொட்டியும் ஒரே கோட்டில் தெரிகிற இடம். சங்குமுனையில் இப்படிக் கரையைப் பார்த்துத்தான் கடலில் இடம் பிடிப்பார்கள். எஞ்சினை நிறுத்தினான். சலேத் குதித்தாள்.

மணல்!

இன்னும் கொஞ்சம் தள்ளிக் குதித்தாள். அங்கேயும் மணல்!

"புல்லு வெளியூருக்குப் போயிருக்கும் போல," என்றாள் கயிறு பிடித்திருந்த தோழி கித்தேரி.

"வாயை மூடுடி!" சலேத்துக்கு அழுகை முட்டியது. மணி எட்டரை. காற்று கிளம்பினால் தண்ணீர் கலங்கிவிடும், பிறகு ஒன்றும் தெரியாது. மூச்சு வாங்கியபடி வள்ளத்தைப் பிடித்துத் தொங்கினாள். அப்போதுதான் கவனித்தாள். மிக்கேலின் கண் அவள் பக்கமே திரும்பவில்லை. தெற்கே பார்ப்பதும், குனிந்து எஞ்சினைத் துடைப்பதுமாக இருந்தான்.

"மச்சான், தெக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல புள்ள."

"மாதா மேல சத்தியமா?"

அவன் கை நின்றது. "மீன் நெறையக் கெடைக்கிற இடத்தைக் கடல்காரன் எவன் நெசமாச் சொல்லுவான்? எங்கய்யா எனக்கு மட்டுந்தான் காட்டுனாரு. உங்கக்காளுக்கே தெரியாது. அளக்க வந்த கம்பெனிக்காரனுவளும் புல்லு எங்கேன்னு என்னத்தான் கேட்டானுவ. இதே இடத்தைக் கைகாட்டி விட்டேன்."

சலேத்துக்கு இப்போதுதான் புரிந்தது. அறிக்கை பொய்யில்லை. மச்சான்தான் பொய்!

"அட பாவி மனுசா!" என்று கத்தினாள் கித்தேரி. "ஒங்க ரகசியத்தையும் சேத்துல்ல தோண்டப் போறானுவ!"

மிக்கேல் எஞ்சினை இழுத்துவிட்டான். வள்ளம் தெற்கே சீறியது. குருசுக்கு நேரே ஒற்றைப் பனை வந்ததும் எஞ்சினை அணைத்து, கம்பால் மெல்ல ஊன்றிப் போனான்.

சலேத் முங்கினாள். பச்சை! கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை அசைந்தது. அதன் நடுவே வளைந்து வளைந்து மொட்டையான தடங்கள். கடல்பசு புல்லை வேரோடு பிடுங்கித் தின்ற வழி அது. கேமராவை அழுத்தினாள். நெஞ்சு வெடிக்கும்போல இருந்தது. மேலே போக உதைத்தவள் திகைத்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய உடல், அதை ஒட்டிக்கொண்டே ஒரு குட்டி! இரண்டும் மூச்செடுக்க மேலே ஏறின. அவளும் கூடவே ஏறினாள்.

கூட்டத்துக்குள் ஈரத் துணியோடு ஓடினார்கள். மணி பதினொன்றே கால். படத்தைப் பார்த்த அதிகாரி புருவத்தைச் சுருக்கினார்.

"நல்ல படம்தாம்மா. ஆனா உள்ளூர்க்காரங்க காட்டுன இடத்துலதானே சோதிச்சாங்க? இது எங்க எடுத்தது?"

சலேத் திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடம் நிறையக் கடல்காரர்கள். மிக்கேல் தயங்கித் தயங்கி எழுந்தான்.

"தப்பா காட்டுனவன் நாந்தான்யா. நெசமான இடம்..." மாதா கோயில் பக்கம் கையை நீட்டினான். "குருசுக்கு நேரா ஒத்தப் பனை. ரெண்டு பாகம், ரெண்டாள் ஆழம்."

பின்வரிசையில் கிழவர் சவரியார் எழுந்தார்.

"அடப்பாவி, அது என் இடமாச்சேடா! நாப்பது வருசமா எவன்கிட்டயும் மூச்சு விட்டதில்ல!"

"ஒம்ம இடமா? எங்கய்யா எனக்குக் காட்டுனது!" என்றான் இன்னொருவன். அடுத்தடுத்து ஏழெட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். முதலில் சிரித்தவள் கித்தேரி. பிறகு சபையே சிரித்தது.

புதிதாக ஆய்வு முடியும்வரை ஒரு கூடை மண்ணும் அள்ளக்கூடாது என்று அதிகாரி எழுதினார். ஆளுக்கு ஆள் ஒளித்து வைத்தபோது அந்த இடத்துக்குக் காவல் யாருமில்லை. இப்போது ஊரே காவல். மறுநாளே ஒற்றைப் பனைக்கு நேரே வலை போடுவதில்லை என்று எல்லாரும் சேர்ந்து கட்டுப்பாடு போட்டார்கள்.

அதில் முதல் கையெழுத்து மிக்கேலுடையது. தன்னிடம்கூட மறைத்துவிட்டானே என்று வீட்டில் அக்கா மட்டும் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.